நெல் வயல் வாயுவுக்கு விலை: யாருக்கு லாபம்?

வயலைக் காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் வெளிநாட்டிலிருந்து பணம் வரும் என்ற பேச்சு, இந்தியாவில் நெல் விளையும் பல மாநிலங்களில் சில ஆண்டுகளாக அடிபடுகிறது. கம்பெனி ஆட்கள் ஒப்பந்தத் தாளோடு கிராமங்களுக்கு வருகிறார்கள். "காற்றோடு போகிற வாயுவுக்குக் கூடவா காசு?" என்று வயதான உழவர்கள் சிரிக்கிறார்கள். இது சிரித்துத் தள்ளிவிடக் கூடிய விஷயம் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடிய விஷயமும் அல்ல.

பூமி சூடாவதைத் தடுக்க மேற்கு நாடுகளும் கிழக்கு நாடுகளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று மாநாடுகளில் தீர்மானம் போடுகிறார்கள். அந்தத் தீர்மானம் நெல் வயலுக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதற்கு ஆசியாவிலேயே இரண்டு அனுபவங்கள் உள்ளன. ஒன்று தாய்லாந்தில், மற்றொன்று சீனாவில். ஒன்று வயலிலிருந்து தொடங்கியது. மற்றொன்று காகிதத்திலிருந்து தொடங்கியது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முடிவுக்கு வருவதே சிறு விவசாயிக்கு நல்லது.

வாயு எங்கிருந்து வருகிறது?

காவிரிப் படுகையில் மீத்தேன் என்றவுடன், பூமியைத் துளைத்து வாயு எடுக்கும் திட்டமும் அதை எதிர்த்து நடந்த போராட்டமும் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்படுவது அது அல்ல. சாண எரிவாயுக் கலத்தில் அடுப்பெரிக்க உண்டாகிறதே, அதே வாயுதான் நெல் வயலிலும் உண்டாகிறது. கலத்துக்குள் காற்றுப் புகாது. அந்த நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் சாணத்தை மட்கவைத்து மீத்தேனை வெளியிடுகின்றன. நாள் கணக்கில் தண்ணீர் கட்டி நிற்கும் வயலும் இப்படிப்பட்ட கலம்தான். மடக்கி உழுத தாளும் வைக்கோலும் வேரும் காற்றில்லாமல் மட்கி வாயுவாகின்றன. அது பெரும்பாலும் நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலேறி வெளியே போகிறது.

ஒரு டன் மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில், சுமார் 28 டன் கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. உலகில் மனிதர் செய்யும் வேலைகளால் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ 8 சதவீதம் நெல் வயல்களிலிருந்து வருவதாக விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள்.

நெல் வயிற்றுப்பாட்டுக்காக விளைவது, ஆடம்பரத்துக்காக அல்ல. மேற்கு நாட்டு ஆலைகள் இருநூறு ஆண்டுகளாக எரித்த நிலக்கரியின் புகையையும், இரண்டு ஏக்கர் உழவனின் வயலில் எழும் வாயுவையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்ற கேள்வி சரியான கேள்வியே. 2021-ம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் முன்னின்று, 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்பதாக ஓர் உறுதிமொழியைக் கொண்டுவந்தன. இந்தியா அதில் சேரவில்லை. நெல்லும் கால்நடையும் சிறு விவசாயிகளின் பிழைப்போடு சேர்ந்தவை என்பதே இந்தியாவின் நிலை. அந்த நிலையில் நியாயம் உண்டு. ஆனாலும் வாயுவைக் குறைக்கும் வழியே தண்ணீரை மிச்சப்படுத்தும் வழியாகவும் இருப்பதால், உழவர் இதை ஒதுக்கிவிடவும் முடியாது.

பழைய பழக்கம், புதிய குழாய்

அந்த வழி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது என்று சொன்னால் எந்த நெல் உழவருக்கும் புரியும். பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானியோஸ் நகரில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஓர் அளவுகோலைச் சேர்த்தது. அந்த நிலையமே கிழக்கும் மேற்கும் சேர்ந்த முயற்சிதான். அமெரிக்காவின் போர்டு, ராக்பெல்லர் அறக்கட்டளைகளின் உதவியோடு 1960-ல் அது நிறுவப்பட்டது. தமிழ்நாட்டு உழவர் அறிந்த ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20 ரகங்கள் அங்கிருந்து வந்தவையே.

அளவுகோல் மிக எளியது. ஓரடி நீளம், நான்கு முதல் ஆறு அங்குல அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப் பாதியில் துளைகள் போட வேண்டும். அதை அரை அடி மண்ணுக்குள்ளும் அரை அடி வெளியிலுமாக வயலில் நட்டு, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். வயலில் நீர் வற்றும்போது குழாய்க்குள் நீர் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று தெரியும். மண் மட்டத்திலிருந்து அரை அடி ஆழத்துக்கு இறங்கும் வரை காத்திருந்து, பிறகு இரண்டு அங்குலம் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். நடவுக்குப் பின் முதல் இரண்டு வாரம் களையை அடக்கத் தண்ணீர் நிற்க வேண்டும். பூக்கும் பருவத்தில், ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும், காயவிடக் கூடாது. இந்த வரம்பை மீறாவிட்டால் மகசூல் குறைவதில்லை என்பதைப் பல நாட்டு வயல் சோதனைகள் காட்டியுள்ளன. தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சமாகிறது. பல முறை காய்ந்து நனையும் வயலில் மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இப்படிப்பட்ட வயலில் யூரியாவை அளவின்றி இறைத்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறொரு வாயு எழும். அது கரியமில வாயுவைப் போல் 270 மடங்குக்கு மேல் சூட்டைக் கூட்டுவது. ஆகவே தண்ணீரைக் குறைக்கிறவர், இலை வண்ண அட்டையைப் பார்த்துத் தழைச்சத்தைப் பிரித்து இடவும் பழக வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் வேலை பாதிதான் முடியும்.

தாய்லாந்தில் நடந்தது

தாய்லாந்தின் நெற்களஞ்சியம் சாவோ பிரயா ஆற்றுச் சமவெளி. 2015-16-லும் 2019-20-லும் அங்குள்ள அணைகளில் நீர் குறைந்து, கோடை நெல் போட வேண்டாம் என்று அரசே உழவர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஆகவே அந்த நாட்டு உழவருக்குத் தண்ணீர்ச் சிக்கனம் என்பது மேற்கு நாட்டார் வந்து சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதாக இல்லை.

2018-ல் தாய்லாந்து நெல் துறையும் ஜெர்மனியின் ஜி.ஐ.இசட். நிறுவனமும் சேர்ந்து ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. சாய் நாட், ஆங் தோங், சிங் புரி, சுபான் புரி, ஆயுத்தயா, பத்தும் தானி ஆகிய ஆறு மாகாணங்களில் ஒரு லட்சம் உழவர் குடும்பங்களை எட்டுவது குறி. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு நிதியிலிருந்து சுமார் 1 கோடியே 49 லட்சம் யூரோ ஒதுக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது பணத்தின் அளவு அல்ல, அது செலவான வரிசை. குழாய் நடுவதற்கு முன்னால் நிலத்தை மட்டப்படுத்தினார்கள். மேடும் பள்ளமுமான வயலில், மேட்டுப் பயிர் வாடும்போது பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அங்கே காய்ச்சலும் பாய்ச்சலும் நடக்காது. பரம்படித்துச் செய்யும் சமன் போதாது என்று லேசர் கருவி பொருத்திய டிராக்டரைக் கொண்டுவந்தார்கள். இதற்கு ஆகும் செலவைச் சிறு உழவரால் ஒரே தவணையில் கொடுக்க முடியாது. எனவே விவசாயக் கூட்டுறவு வங்கி மூலம் ஒரு சுழல்நிதி ஏற்படுத்தி, அந்தச் செலவுக்கு முன்பணம் கிடைக்க வழி செய்தார்கள். அடுத்து தண்ணீர்ச் சிக்கனம், மண்ணைப் பார்த்து உரமிடுதல், வைக்கோலையும் தாளையும் கொளுத்தாமல் பயன்படுத்துதல் என்று வேலை போயிற்று.

முக்கியமான செய்தி இன்னொன்று. இந்தப் பணம் வாயுவை விலைக்கு வாங்கக் கொடுத்தது அல்ல. குறைந்த வாயு தாய்லாந்தின் கணக்கிலேயே நின்றது. எந்த ஐரோப்பிய ஆலையும் அதைக் காட்டித் தன் புகைக்கு ஈடு சொல்ல முடியாது. வேறு வகையான கொடுக்கல் வாங்கலும் அதே நாட்டில் நடந்தது. பாங்காக் நகரத்து மின்சாரப் பேருந்துகளால் மிச்சமான 1,916 டன் கரியமில வாயுவை 2023-ம் ஆண்டு இறுதியில் சுவிட்சர்லாந்து விலைக்கு வாங்கித் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் இப்படி நடந்த முதல் கைமாற்றம் இதுவே. முன்னது வேலைக்குக் கொடுத்த மூலதனம். பின்னது சரக்குக்குக் கொடுத்த விலை. இரண்டுக்கும் "ஒத்துழைப்பு" என்றே பெயர். உழவர் இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

சீனாவில் நடந்தது

இரண்டாவது வகை, நெல் வயலுக்கு வந்தபோது சீனாவில் என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். வயலில் குறைந்த வாயுவை டன் கணக்கில் எண்ணிச் சான்று வாங்கினால் அதுவே கார்பன் கிரெடிட். அதைப் பெரிய கம்பெனிகள் வாங்குகின்றன. வெர்ரா என்பது அமெரிக்காவில் உள்ள சான்று அமைப்பு. அதன் பதிவேட்டில் சீனத்து நெல் திட்டங்கள் வரிசையாக ஏறின. நாளடைவில் சந்தேகம் எழுந்தது. 2023 மார்ச்சில் அந்த அமைப்பு தான் பயன்படுத்திவந்த நெல் கணக்கு முறையையே நிறுத்தி வைத்தது. 2024 ஆகஸ்டில், மறு ஆய்வுக்குப் பின், 37 சீனத் திட்டங்களை ஒரேயடியாகத் தள்ளுபடி செய்தது.

திட்டம் இல்லாவிட்டால் நடந்திராத, கூடுதலான குறைப்பு நடந்தது என்பதை உரியபடி காட்டவில்லை என்பது அவற்றில் கண்ட முக்கியமான குறை. சீனாவில் நடுப்பருவத்தில் வயலை வடித்துக் காயவிடுவது பல பத்தாண்டுகளாகவே பரவலான வழக்கம். நேற்று வரை செய்துவந்ததை இன்று புதிதாகச் செய்ததாக எழுதினால் ஏடுதான் நிறையும். வானத்துக்கு ஒரு லாபமும் இல்லை. அந்தக் கிரெடிட்டை வாங்கியவர், எங்கோ வாயு குறைந்தது என்று நம்பித் தன் ஆலைப் புகையைத் தொடர்ந்து விட்டிருப்பார்.

இதில் தமிழ்நாட்டு உழவருக்கு ஒரு கசப்பான பாடம் உண்டு. கிரெடிட் வியாபாரம் புதிதாக மாறுகிறவருக்கே பணம் தரும். ஏற்கெனவே காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கவனத்தோடு தண்ணீர் கட்டிவரும் உழவருக்கு, "நீங்கள்தான் முன்பே செய்கிறீர்களே" என்று ஒன்றும் கிடைக்காமல் போகலாம். வயலை மட்டப்படுத்தவும் மடையைச் சீராக்கவும் செலவிடும் பொதுப் பணத்தில் இந்த ஓரவஞ்சனை இல்லை. அது முந்தி மாறியவருக்கும் பிந்தி மாறியவருக்கும் ஒன்றுபோல் உதவும்.

ஏக்கருக்கு எவ்வளவு?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. இந்த விஷயத்தில் கணக்குப் பாராமல் இறங்கக் கூடாது.

ஐ.நா. சார்ந்த பருவநிலை விஞ்ஞானிகள் குழு 2019-ல் திருத்தி வெளியிட்ட கணக்கின்படி, தெற்காசியாவில் எப்போதும் தண்ணீர் நிற்கும் ஒரு ஹெக்டேர் நெல் வயல் நாளொன்றுக்குச் சராசரியாக 0.85 கிலோ மீத்தேனை வெளியிடுகிறது. 120 நாள் பயிருக்கு 102 கிலோ. ஏக்கருக்கு என்றால் சுமார் 41 கிலோ. அதை 28-ஆல் பெருக்கினால் 1,150 கிலோ, அதாவது ஒரு டன்னுக்குச் சற்று மேல் கரியமில வாயுவுக்குச் சமம். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்து அதில் 45 சதவீதம் குறைத்தால் மிச்சம் அரை டன்.

டன்னுக்கு ஆயிரம் ரூபாய் விலை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 500 ரூபாய். இதில் அளப்பவருக்கும் சோதிப்பவருக்கும் சான்று தருபவருக்கும் இடைக் கம்பெனிக்கும் பங்கு போக வேண்டும். மீதிதான் உழவருக்கு. விலை இரண்டு மடங்கானாலும், களை கூடுதலாக முளைத்து ஓர் ஆள் கூலி அதிகமானால் அது அங்கேயே போய்விடும்.

ஆகவே கார்பன் காசு ஒரு கொசுறு. அதை நம்பிச் சாகுபடி முறையை மாற்றுவது வீண். டீசலிலும் உரத்திலும் மிச்சப்படுவதும், குறைந்த தண்ணீரில் பயிர் கரையேறுவதுமே உண்மையான லாபம். பிலிப்பைன்ஸில் தார்லாக் மாகாணத்தில் 2002-ல் இந்த முறையைக் கொண்டுபோனபோது உழவர்கள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அங்கே ஆழ்கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீருக்குச் செலவு அதிகம் என்பதே. இறைப்பு குறைந்தால் செலவு குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. பரப்புக் கணக்கில் தண்ணீர் வரி கட்டும் கால்வாய்ப் பாசனத்தில், தண்ணீரை மிச்சப்படுத்தினால் உழவர் கையில் ஒரு காசும் மிஞ்சாது.

இங்குள்ள நிலைமை

தமிழ்நாட்டில் பம்ப் செட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆகவே மோட்டாரைக் குறைத்து ஓட்டுவதில் ரொக்க லாபம் இல்லை. நிலத்தடி நீர் இறங்குவது மட்டுமே எச்சரிக்கை. ஆற்றுப் பாசனத்திலோ நிலைமை வேறு. முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில், கடைமடை உழவர் கிடைத்த அன்று கட்டி வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். "குழாயில் அரை அடி இறங்கும் வரை காத்திருங்கள்" என்றால், அடுத்த முறை எப்போது வரும் என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தத் திட்டமும் அவரிடம் செல்லாது.

பருவமும் பார்க்க வேண்டும். மேட்டூர் திறந்து நடும் குறுவையில் இந்த முறை நன்றாக ஒத்துவரும். வடகிழக்குப் பருவமழையில் நிற்கும் சம்பாவிலும் தாளடியிலும் வயலைக் காயவிட மழை இடம் தராது. அங்கே தேவை தூர்ந்துபோன வடிகாலைத் திறப்பது. வெளிநாட்டு ஒத்துழைப்பு உண்மையானதாக இருந்தால் அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் வடிகாலும் மடையும் சமன் கருவியும்தான். வியட்நாம் 2023 நவம்பரில், மீகாங் டெல்டாவில் 2030-க்குள் 10 லட்சம் ஹெக்டேரில் குறைந்த வாயுவோடு உயர்தர நெல் விளைவிக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. டெல்டா முழுவதற்கும் சேர்த்துத் திட்டமிட்ட அந்த யோசனை கவனிக்கத் தக்கது. தண்ணீர் ஒரு தனி வயலின் சமாசாரம் அல்ல.

கையெழுத்துக்கு முன்

மத்திய வேளாண் அமைச்சகமும் 2024 ஜனவரியில் விவசாயத்தில் கார்பன் சந்தைக்கான ஒரு வரைமுறையை வெளியிட்டது. ஆகவே இந்த வியாபாரம் வளரவே செய்யும். ஒப்பந்தத்தோடு ஊருக்கு வருகிறவரிடம் உழவர்கள் கேட்க வேண்டியவை சில உண்டு.

1. ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா? கையெழுத்தான நகல் உழவர் கையில் தரப்படுமா?

2. விற்ற விலையில் உழவரின் பங்கு எத்தனை சதவீதம்? அளவைச் செலவும் சான்றுச் செலவும் யார் தலையில்?

3. சீனத்தில் நடந்ததுபோல் சான்று ரத்தானால், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா?

4. காயவிட்டதால் மகசூல் குறைந்தால் ஈடு உண்டா?

5. குத்தகைக்கு உழுகிறவருக்குப் பணமா, பட்டா வைத்திருப்பவருக்கா? உழைப்பு ஒருவருடையது, வரவு மற்றவருடையது என்று ஆகக் கூடாது.

6. எத்தனை ஆண்டுக் கட்டுப்பாடு? நடுவில் விலக முடியுமா?

இவற்றைத் தனி ஆளாகக் கேட்டால் பதில் வராது. பாசன சங்கமோ உழவர் உற்பத்தியாளர் குழுவோ ஒரே குரலில் கேட்டால் வரும். ஒரே மடையில் தண்ணீர் வாங்கும் இருபது பேர் சேர்ந்தால், காய்ச்சலும் பாய்ச்சலும் செய்வதும் எளிது, பேரம் பேசுவதும் எளிது.

மேற்கு நாடுகள் தரும் பணத்தைப் பிச்சை என்று நினைக்க வேண்டியதில்லை. முன்னால் புகைவிட்டவர்கள் அவர்கள். சீராக்கும் செலவில் பெரும்பங்கு அவர்களுடையதாக இருப்பதே முறை. ஆனால் அந்தப் பங்கு, அறுவடைக்குப் பின் அரை டன் வாயுவுக்கு விலை பேசுவதாக மட்டும் இருந்தால் போதாது. உழவுக்கு முன்பே வயலை மட்டப்படுத்த வருவதாக இருக்க வேண்டும். முதலில் மட்டமும் மடையும், பிறகே கார்பன் காசு. இந்த வரிசையை உழவர் சங்கங்கள் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டால், காசு வராத வருஷத்திலும் தண்ணீரும் மண்ணும் மிஞ்சும்.